சீனிப் பெட்டியின் அடியில் வெட்டிய பேர்

அருந்ததி அந்தச் சீனிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அப்படி விடுகிற பிறவி இல்லை அவள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள், மீன் வாங்கினால் செவுளைப் பிரித்துப் பார்ப்பாள். ஒன்பது வருசம் இத்தாலியில் இருந்துவிட்டு வந்த புருசன் சிவகரன் சுவெற்றருக்குள் சுற்றிக் கொண்டுவந்த பெட்டியை மட்டும் சும்மா விடுவாளா?

புதுக்குடியிருப்பில் அவர்கள் கட்டிய புதுவீட்டின் குடிபூரல் முடிந்த மறுநாள் அது. வந்தவர்களுக்குக் கற்கண்டு வைத்த பெட்டியில் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தது. கைக்குள் அடங்குகிற அளவு, நாலு குட்டிக் கால், மூடியில் ஒரு பூ. அசல் வெள்ளி என்றுதான் சிவகரன் சொல்லியிருந்தான். குசினி வாசலில் குந்தியிருந்து திருநீறு போட்டுத் தேய்த்தாள். கறுப்புப் போகப் போக அடிப்பக்கத்தில் ஏதோ வெட்டியிருப்பது தெரிந்தது. முட்டை வடிவ வட்டத்துக்குள் 800. பக்கத்தில் உழுந்தளவில் ஒரு சாய்ந்த கட்டம். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கட்டத்துக்குள் 412 என்று ஒரு எண், அதையடுத்து இரண்டு இங்கிலீசு எழுத்து. எம், ஐ.

அருந்ததியின் கை அப்படியே நின்றது.

அவள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. கலியாணத்துக்கு வந்த குடத்தில் மாமி அன்னபாக்கியத்தின் பேர், தாம்பாளத்தில் வீரையா குடும்பம், செம்பில் பெரியப்பாவின் பேர். யார் கொடுத்தாரோ அவருடைய பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டித்தான் கொடுப்பார்கள். முகாமில் இருந்த காலத்தில் தண்ணீர் கொண்டுவருகிற பவுசரடியில் நூறு குடம் ஒன்றாய்க் கிடக்கும். அடியைத் தடவி மாமியின் பேரைக் கண்டுபிடித்துத்தான் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். மனிசர் பொய் சொன்னாலும் பாத்திரத்தின் அடி பொய் சொல்லாது என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்படியானால் இந்த எம் ஐ யார்?

பெட்டியைத் தந்தது சிஞ்ஞோரா என்றுதான் சிவகரன் சொன்னான். பலெர்மோவில் அவன் பார்த்துக்கொண்ட கிழவி அவா. குளிக்க வார்த்து, சோறு தீத்தி, கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒன்பது வருசம் பார்த்தான். மார்கழியில் அவா கண்ணை மூடியபோது ஊருக்கு வந்தான். அவாவின் மகன் சால்வோ, தன் பெரியம்மா ஒருத்தியைப் பார்க்கச் சிவகரனைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். இருபதாம் திகதி பிளேன். அதற்கு முன் சால்வோவின் வேலைக் கடிதம் வரவேண்டும். அது வராவிட்டால் விசாவும் இல்லை, வேலையும் இல்லை. வீட்டுக்கு இன்னும் பூச்சே பூசி முடியவில்லை.

ஆனால் சிஞ்ஞோராவின் பேர் கொன்செத்தா. அதில் எங்கே எம், எங்கே ஐ?

பிறகு அவளுக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. அந்த மூளை வேலை செய்யத் தொடங்கினால் நிறுத்த ஆளில்லை. கிழவிக்கு ஊசி போட வருகிற மிரெல்லா. போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, "மிரெல்லா வந்திட்டா, வைக்கிறன்" என்று எத்தனை தரம் வைத்திருக்கிறான். இங்கிலீசில் எழுதினால் முதல் இரண்டு எழுத்து எம் ஐ! 412 என்றால் நாலாம் மாசம் பன்னிரண்டாம் திகதி. ஒரு சித்திரை வருசப்பிறப்புக்கு அவன் இரண்டு நாள் பிந்தித்தான் அவளோடு கதைத்தான், அதுவும் நினைவுக்கு வந்தது. பேரைச் சுற்றிக் கட்டம் வேறு. சும்மா கொடுக்கிறவர்கள் யாராவது பேருக்குச் சட்டம் போடுவார்களா? எண்ணூறு ஈரோ என்று விலையையும் வெட்டிக் கொடுத்திருக்கிறாளே, எவ்வளவு கொழுப்பு!

இதையெல்லாம் கூட்டிப் பார்க்க வேறு விசயங்களும் கைவசம் இருந்தன. பெட்டியைத் தந்த அன்றே, அலுமாரிக்குள் வையும், வெளியில எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தான். அவள்தான் கேளாமல் குடிபூரலுக்கு எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய தம்பி ரூபன் அந்த மேசையைப் படம் பிடித்து, அத்தான் பேரையும் கோத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டான். அதற்குச் சிவகரன் குதித்த குதி! விருந்துக்கு வந்தவர்கள் முன்னாலேயே ரூபனை ஏசி, படத்தை எடுக்கவைத்த பிறகுதான் ஓய்ந்தான். அன்று அருந்ததிக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கியது. கொடுத்தவள் பார்த்துவிட்டால்?

வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சந்தேகம் பிடித்தவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்டால் பதில் வந்துவிடுமே. மத்தியானம் சோறு போடும்போது, மிரெல்லா கலியாணம் முடித்தவாவோ என்று மட்டும் விசாரித்தாள். அவவுக்கு அறுபது வயசு, பேரப்பிள்ளையும் இருக்கு என்று சிவகரன் சிரித்தான். வயசை நான் கேட்டனானோ என்று அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள். கேளாத கேள்விக்குப் பதில் சொல்கிறவனை எப்படி நம்புவது?

இருபதாம் திகதிக்கு முன் இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும். அவனைத் திரும்ப அந்த ஊருக்கு அனுப்புவதா இல்லையா என்பதே அவளுக்கு இப்போது பிரச்சினை. வீட்டுப் பூச்சு கிடக்கட்டும். ஒன்பது வருசம் தனியே கிடந்து, பிள்ளையைத் தனியே வளர்த்து, இன்னொருத்தியின் பேர் வெட்டிய பெட்டியில் ஊருக்குக் கற்கண்டு கொடுத்திருக்கிறாள். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

புதுக்குடியிருப்பில் பத்தரிடம் காட்டினால் பின்னேரத்துக்குள் வவுனியாவில் இருக்கிற அவனுடைய தமக்கையின் காதுக்குப் போய்விடும். ஆகவே பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனாள். அங்கே ஜமால்தீன் நானாவின் நகைக்கடை. நகை செய்வார், பழைய வெள்ளி வாங்குவார், பாத்திரத்துக்குப் பேரும் வெட்டுவார். கண்ணுக்கு வில்லையை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டுத் திராவகம் விட்டுப் பார்த்தார். வெள்ளிதான் என்றார். எங்கள் பக்கத்தில் ஆயிரத்துக்குத் தொளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி போடுவார்கள், இது எண்ணூறு பங்கு, அதுதான் அந்த எண் என்றும் விளங்கப்படுத்தினார். அப்படியானால் விலை இல்லையா என்று அருந்ததிக்குச் சின்ன ஏமாற்றம். இருந்தாலும் விடவில்லை. சாய்ந்த கட்டத்தைக் காட்டி, இதை அராவி எடுத்துவிட்டு என்னுடைய பேரை வெட்டுங்கோ என்றாள்.

நானா வில்லையைக் கழற்றி வைத்தார்.

"தங்கச்சி, இது குடுத்த ஆள்ற பேர் மாதிரித் தெரியேல்ல. செஞ்ச பட்டறைர முத்திரையாக்கும், நாங்க மோதிரத்துக்குள்ள கடைப்பேர் குத்துற மாதிரி. அராவினா திரும்பி வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

அருந்ததி யோசித்தாள். இந்த மனிசன் ஏன் இவ்வளவு அக்கறைப்படுகிறார்? பட்டறைக்காரன் எதற்குத் தன் பேரை அடியில் ஒளித்து, உழுந்தளவில் வெட்டவேண்டும்? எங்கள் ஊர்க் கடைக்காரன் என்றால் பையிலும் பெட்டியிலும் பெரிய எழுத்தில் அல்லவா போடுவான். ஒன்றில் பெட்டி இவருடைய கண்ணுக்குப் பிடித்துவிட்டது, மலிவாய்க் கேட்கப் போகிறார். அல்லது ஆம்பிளைக்கு ஆம்பிளை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். திரும்பி வராமல் போகத்தானே, நானா, இவ்வளவு தூரம் வந்தனான் என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு முன்னாலேயே இருந்துகொண்டாள்.

நானா அராவினார். வேலை தெரிந்த கை. எண்ணூறைத் தொடாமல் கட்டத்தை மட்டும் எடுத்து, மேடு பள்ளம் தெரியாமல் மினுக்கி, நடுவிலே அருந்ததி என்று புள்ளிகளால் வெட்டினார். வடிவான எழுத்து. திரும்பி வரும்போது பஸ்ஸில் சீற் கிடைக்கவில்லை, ஆனாலும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

அதன்பிறகு பொறி வைத்தாள். பெட்டியைக் கூடத்து ஷோகேசில் முன்னுக்கு வைத்துவிட்டு, அவன் கவிழ்த்துப் பார்க்கட்டும், முகம் போகிற போக்கைப் பார்ப்போம் என்று காத்திருந்தாள். சிவகரன் பெட்டியைக் கண்டான், ஒன்றும் பேசாமல் எடுத்து அலுமாரிக்குள் வைத்து மூடினான். அடியைப் பார்க்கவில்லை. அவள் மறுபடி எடுத்து ஷோகேசில் வைத்தாள். அவன் மறுபடி உள்ளே வைத்தான். நாலு நாள் இப்படியே போனது. வீட்டுக்குள் பேச்சில்லாமல் ஒரு பெட்டி மட்டும் நடந்து திரிந்தது.

ஐந்தாம் நாள் காலையில் சிவகரன் முற்றத்தில் கதிரையில் இருந்தான். கையில் போன். பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது. என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். விடுவாளா? கேட்டுக் கேட்டுக் கடைசியில் கக்கவைத்தாள். ரூபன் போட்ட படம் எடுக்கப்படுவதற்குள் சால்வோவின் கண்ணில் பட்டுவிட்டது. தாயின் வெள்ளிச் சாமான்களைச் சகோதரிகளோடு பங்கு பிரிக்கும்போது தேத்தண்ணிச் செற்றில் சீனிப் பெட்டியைக் காணவில்லை. உன்னுடைய வீட்டு மேசையில் இருப்பது என்ன, அதன் அடியைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுத்தான் கடிதம் என்று எழுதியிருக்கிறார்.

அடியை ஏன் கேட்கிறார் என்று அருந்ததி மெல்லக் கேட்டாள்.

"அங்க வெள்ளிச் சாமானெண்டால் அடியில அரச முத்திரை குத்தியிருக்கும். சாய்ஞ்ச கட்டத்துக்குள்ள ஒரு நம்பர், அது செய்த பட்டறைக்குக் குடுத்தது. பக்கத்தில ரெண்டெழுத்து ஊருக்கு. பி ஏ எண்டால் பலெர்மோ, எம் ஐ எண்டால் மிலான். சிஞ்ஞோராவின்ர செற் அவாவின்ர கலியாணத்துக்குத் தகப்பன் மிலானில ஒரே பட்டறையில செய்விச்சது. எல்லாத்திலயும் ஒரே நம்பர்."

அருந்ததிக்கு முதலில் வந்தது சந்தோசம், அதை மறைக்க முடியாது. மிரெல்லா ஒரு நொடியில் அறுபது வயசுக் கிழவியாகிப் பேரப்பிள்ளையோடு போய்விட்டாள். ஊர்ப் பேரையா புருசனுக்குக் கட்டிவைத்தோம் என்று வெட்கம் பிடுங்கியது. அடுத்த நொடி பெட்டியின் அடி நினைவுக்கு வந்தது. அந்த முத்திரை இப்போது ஜமால்தீன் நானாவின் பட்டறையில் தூளாய்க் கிடக்கிறது. சால்வோவுக்கு அவன் என்ன பதில் எழுதினான் என்று கேட்டாள்.

"ஞாயிற்றுச் சந்தையில வாங்கினது, பலெர்மோ வேலை எண்டு எழுதினன்."

"எனக்குச் சிஞ்ஞோரா தந்தவா எண்டல்லோ சொன்னீங்கள்?"

"தந்தவாதான். ஆர் நம்புவினம்? செத்தவா எழும்பி வந்து சாட்சி சொல்லுவாவோ?"

அவளுக்கு ஒரு கதை, சால்வோவுக்கு ஒரு கதை. இரண்டு கதை ஒரு பெட்டிக்கு எப்படிப் பொருந்தும் என்று அவளுக்கு உறுத்தியது. ஆனால் அவள் இருந்த நிலையில் அவனைக் குறுக்குக் கேள்வி கேட்க வாய் வரவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிசனைக் கண்டபடி நினைத்தாயிற்று. ஒன்பது வருசம் கிழவியைத் தூக்கிச் சுமந்தவனுக்கு அவா ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கமாட்டாவா என்ன? அராவினதைச் சொல்லலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பான். மிரெல்லா கதையைச் சொல்லவேண்டும். மானம் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள்.

படம் அனுப்பாமல் தப்ப, பெட்டியை வவுனியாவில் தமக்கைக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதப்போவதாகச் சிவகரன் சொன்னான். யோசித்து எழுதுவோம் என்று அன்று முழுக்க யோசித்தான். எழுதி முடிப்பதற்கு முன் மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்குச் சால்வோவே வீடியோவில் எடுத்துவிட்டார்.

கூடத்தில் நின்று கதைத்தான். அருந்ததி குசினி வாசலில் நின்றாள். அவளுக்கு இத்தாலிப் பாசை ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கதைத்துக்கொண்டிருந்த சால்வோ சட்டென்று பேச்சை நிறுத்தி, சிவகரனின் தோளுக்குப் பின்னால் விரலை நீட்டியது அவளுக்கும் விளங்கியது. பின்னால் ஷோகேஸ். அதற்குள் பெட்டி. நாலு நாள் பழக்கத்தில் அன்று காலையும் அவளுடைய கைதான் அதை எடுத்து அங்கே வைத்திருந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சிவகரன் பெட்டியை எடுத்தான். சேட்டின் முதுகு நனைந்துவிட்டது. உள்ளே கிடந்த கற்கண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்தான். ஒருபிடியாக அள்ளிப் போடலாம், ஆனால் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தான். கடைசிக் கற்கண்டும் முடிந்தது. அவளை ஒருதரம் பார்த்தான். ஒன்பது வருசப் பிழைப்பும் இந்த வீடும் போகப்போகிறது என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பெட்டியைப் போனுக்கு முன்னால் கவிழ்த்தான்.

சால்வோ முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு ஏதோ கேட்டார், கேள்வி போலிருந்தது. சிவகரன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

அருந்ததி.

அவள் அவனுடைய கோபத்துக்குத் தயாராக நின்றாள். சத்தம் போடுவான், ஏனடி இப்படிச் செய்தாய் என்பான், அதற்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். சிவகரனின் முகத்தில் கோபமே வரவில்லை. இறுகியிருந்த கன்னம் தளர்ந்து, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவனுடைய இத்தாலி பாய்ந்து ஓடியது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனுக்கு முன்னால் நிறுத்தினான், எழுத்தைக் காட்டினான், அவளைக் காட்டினான், குசினிக்குள் ஓடி மாமியின் குடத்தைக் கொண்டுவந்து அதன் அடியையும் காட்டினான். சால்வோ நெஞ்சில் கைவைத்து ஏதேதோ சொன்னார். வெட்கப்பட்ட மனிசனின் முகம். போனை வைத்துவிட்டுச் சிவகரன் சொன்னான், மிலான் முத்திரை இல்லையென்று கண்டு மன்னிப்புக் கேட்டார், கடிதம் இன்றைக்கே வருகிறது என்று.

அருந்ததி நடந்ததெல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எம் ஐ, மிரெல்லா, நாலாம் மாசம் பன்னிரண்டு, ஜமால்தீன் நானா சொன்ன புத்தி, ஒன்றையும் விடவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. நீர் என்ர தெய்வம் என்றான். அவள் காத்துக்கொண்டு நின்றாள். கிழவி ஆசையாய்த் தந்த பொருளை ஏன் அராவினாய் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் காலில் விழுந்திருப்பாள். வரவில்லை.

சிவகரன் அறைக்குள் போனான். சூட்கேஸ் திறக்கிற சத்தம், பிறகு சிப் இழுக்கிற சத்தம். உள்ச்சீலைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புச் சொக்ஸை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் கற்கண்டுக்குப் பக்கத்தில் உதறினான். ஆறு சின்னக் கரண்டி விழுந்தது.

"அந்த நானா நல்ல வேலைக்காரன் போல. இதுகளிலயும் உம்மட பேரையே வெட்டுவியும். பிறகு பயமில்லை."

அருந்ததி ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பினாள். காம்பின் பின்பக்கத்தில் உழுந்திலும் சின்னதாய்ச் சாய்ந்த கட்டம். 412, எம், ஐ. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதுதான். ஆறையும் பார்த்தாள். ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு முல்லைத்தீவு வரைக்கும் போனவளுக்கு வீட்டுக்குள் இருந்த கள்ளன் தெரியவில்லை. மிரெல்லாவாய் இருந்திருந்தாலும் பரவாயில்லையே என்றுகூட ஒரு கணம் மனம் போனது. அவளோடு சண்டை பிடித்திருக்கலாம். இப்போது யாரோடு பிடிப்பது? செத்துப்போன கிழவியின் கலியாணப் பெட்டியில் அவளுடைய பேரல்லவா மினுங்குகிறது. அதுவும் தானே கேட்டு, முன்னால் இருந்து வெட்டுவித்த பேர்.

அவள் அழவில்லை. கரண்டிகளை ஒவ்வொன்றாகச் சொக்ஸுக்குள் திரும்பப் போட்டு, சொக்ஸைத் தன் கைப்பைக்குள் வைத்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சிவகரன் சிரித்தபடி ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"வெட்டுவிச்சுக்கொண்டு வாறன்," என்றாள் அருந்ததி. "ஆனா எங்கட வழமை என்ன? குடுத்தவையின்ர பேரைத்தானே வெட்டுறது. ஆறிலயும் உங்கட பேரை வெட்டச் சொல்லுறன், தகப்பன்ர பேரோட சேர்த்து. முத்திரை பக்கத்தில அப்பிடியே இருக்கும், நானா தொடமாட்டார்."

சிவகரன் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினான். பைக்குக் கையை நீட்டினான். அவள் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டாள்.